ஓரத்தில் இருந்த வரி

ஆவணக்காப்பகம்,
கோட்டைத் தெரு, ஆல்டர்மவுத்
4 அக்டோபர் 1981

அன்புள்ள தெல்மா,

உறையின்மேல் உன் பெயருக்குக் கீழே ‘துணைவேந்தர்’ என்று எழுதிவிட்டு, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து வருடமாக உனக்குக் கடிதம் எழுதுகிறேன். இதுவரை உன் பெயருக்குக் கீழே வீட்டு எண்தான் வந்திருக்கிறது.

செய்தியை எனக்குச் சொன்னது பெர்சி. உனக்கு அவரைத் தெரியாது. நீ இங்கே வருவதை நிறுத்திய பிறகு எங்கள் பெட்டக அறைக்குக் காவலாக வந்தவர். அதற்கு முன்னால் இருபது வருடம் மீன்பிடிக் கப்பலில் இருந்திருக்கிறார். வியாழக்கிழமை காலை செய்தித்தாளை என் மேசையில் போட்டு, “மிஸ் பெக், நம்ம ஹோல்ராய்ட் பொண்ணு யுனிவர்சிட்டிக்கே தலைவியாயிடுச்சே, பாத்தீங்களா? அவ அப்பனும் நானும் ஒரே கப்பல்ல வலை இழுத்தவங்க. பனியில கை மரத்துப்போய் நிப்போம். அப்பவும் அவன் மக வாங்குன மார்க்கைச் சொல்லி எங்க உசிர வாங்குவான்” என்றார். சொல்லிவிட்டு, துடைத்த மூக்குக் கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

எனக்கு நம் விடுதி அறைதான் நினைவுக்கு வந்தது. முதல் வருடம் உன் வீட்டிலிருந்து காகிதத்தில் சுற்றிய புகைமீன் வரும். மாடியில் இருந்த பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “மீன்காரி வந்துட்டாடி, ஜன்னலத் திற” என்பார்கள். நீ கதவை இன்னும் அகலமாகத் திறந்து வைப்பாய். “எல்லாருக்கும் போதுமான அளவு இருக்கு, வெக்கப்படாம வாங்க” என்பாய். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைக்குள் அத்தனை பேரும் தட்டோடு வந்து நின்றார்கள். நீ ஒரு பல்கலைக்கழகத்தை நடத்துவாய் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இருபத்தேழு வயதில் ஒரு புத்தகம். ‘மேயரின் தானியக் கிடங்கு’ இன்றைக்கும் இந்த ஊர்ப் பள்ளிகளில் பாடம். துறைமுகத் தொழிலாளர்களுக்கு நீ ஆரம்பித்த செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பை, துறைத்தலைவர் ஆன பிறகும் நீ விடவில்லை. மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தை முற்றுகையிட்டபோது மற்றவர்கள் போலீஸுக்குப் போன் செய்தார்கள். நீ படிக்கட்டில் அவர்களோடு உட்கார்ந்து தேநீர் குடித்தாய். இதையெல்லாம் உன் முகத்துக்கு நேரே சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஒரே ஒரு குறை. எங்கள் வாசகர் பதிவேட்டில் உன் கடைசிக் கையெழுத்து 1959இல் இருக்கிறது. அதன் பிறகு எல்லாம் “எனிட், எனக்காக ஒரு பிரதி எடுத்து அனுப்பேன்”தான். இனிமேல் அதற்குக்கூட ஒரு செயலாளரை வைத்து எழுதுவாயோ என்னவோ.

பெருமையும் கொஞ்சம் பொறாமையுமாக,
எனிட்

*

துணைவேந்தர் அலுவலகம்,
ஆல்டர்மவுத் பல்கலைக்கழகம்
1 நவம்பர் 1981

என் அருமை எனிட்,

செயலாளர் இல்லை. இது என் கையெழுத்துதான், கிறுக்கலைப் பார்த்தாலே தெரியும். ஞாயிற்றுக்கிழமை. இந்தப் பெரிய அறையில் நான் ஒருத்தி மட்டும். சுவரில் எனக்கு முன்னால் இருந்த ஒன்பது பேரின் படங்கள் மாட்டியிருக்கின்றன. ஒன்பது பேருக்கும் தாடி அல்லது மீசை. நேற்று அறையைக் கூட்ட வந்த பெண்மணி அந்தப் படங்களை நிமிர்ந்து பார்த்து, “பத்தாவதா ஒரு படம் மாட்டுவாங்கல்ல? தலைய நல்லா வாரிட்டுப் போய் ஒக்காருங்க” என்று எனக்குப் புத்தி சொன்னார்.

வந்த முதல் வாரமே அரசாங்கத்தின் கடிதம் மேசையில் காத்திருந்தது. மானியத்தில் பெரிய வெட்டு. நான்கு துறைகள் ஊசலாடுகின்றன, என் மாலை வகுப்புகளையும் சேர்த்து. பேராசிரியர்கள் கூடும் செனட்டில் முதல் நாளே ஒரு வாக்குக் கொடுத்தேன்: “நான் எந்தத் தாளைப் பார்த்து முடிவெடுக்கிறேனோ, அந்தத் தாள் உங்கள் கைக்கும் வரும். பார்க்காமல் யாரும் எதையும் நம்ப வேண்டாம்.” கை தட்டினார்கள். பொருளாதாரத் துறை லாங்ஸ்டாஃப் மட்டும் தட்டவில்லை. வெளியே போகும்போது பக்கத்தில் இருந்தவரிடம், எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னார்: “சரித்திரக்காரங்க செத்தவங்களத்தான் நல்லா நிர்வாகம் பண்ணுவாங்க. அவங்க எதிர்த்துப் பேச மாட்டாங்கல்ல.”

நல்ல விஷயம் ஒன்று. பழைய தானியக் கிடங்கின் சுவரில் நகரசபை ஒரு பித்தளைப் பலகை வைக்கப்போகிறது. 1648 பஞ்சத்தில் மேயர் தாமஸ் வென்லி யாரும் கேட்காமலே தன் மனமிரங்கிக் கிடங்கைத் திறந்தார் என்று என் புத்தகத்தில் எழுதிய அதே வாக்கியம். திறந்துவைப்பது நான். நாளையும் நானே குறித்தேன்: மார்ச் 25, வியாழக்கிழமை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் புதுவருடம் பிறந்த நாள். ஊரில் யாருக்கும் இது புரியாது. உனக்குப் புரிந்து நீ சிரித்தால் போதும்.

நகரசபைக்காரர்கள் தேதிகளைச் சரிபார்க்க உன்னிடம் வருவார்கள். பெண்கள் தானியம் கேட்டுக் கொடுத்த மனுவையும் மேயரின் கிடங்குக் கணக்கையும் ஒருமுறை பார்த்துச் சொல்லிவிடு. நானே வருவேன். ஆனால் என் நாள்காட்டியை இப்போது நான் வைத்திருக்கவில்லை, அதுதான் என்னை வைத்திருக்கிறது.

உன் மீன்காரி,
தெல்மா

*

கோட்டைத் தெரு
6 டிசம்பர் 1981

அன்புள்ள தெல்மா,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நகரசபையிலிருந்து போன் வந்தது. “மிஸ் பெக், பித்தளையில வெட்டிட்டா அப்புறம் அழிக்க முடியாது பாருங்க. ஒரு தடவை பாத்துச் சொல்லிடுங்க” என்றார்கள். அதனால் பெண்களின் மனுவைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அசல் தாளை. 1961இல் நீ லண்டனில் இருந்தபோது உனக்காகப் பிரதி எடுத்தேனே, அதற்குப் பிறகு அதை நான் தொட்டதே இல்லை.

உன் புத்தகத்தில் இருக்கும் வரிசை இது: நவம்பர் 1648இல் மேயர் கிடங்கைத் திறக்கிறார். அடுத்த பிப்ரவரியில், அந்தக் கருணை தந்த தைரியத்தில், பத்தொன்பது பெண்கள் இன்னும் கொஞ்சம் தானியம் கேட்டு மனுக் கொடுக்கிறார்கள். மனுவில் தேதி ‘10 பிப்ரவரி 1648’ என்று இருக்கிறது. வருடம் மார்ச்சில் பிறந்த காலம், பிப்ரவரி முந்தைய வருடத்தோடுதான் சேரும். ஆகவே அந்த பிப்ரவரி நம் கணக்குக்கு 1649. நீ ஒரு வருடம் கூட்டினாய். யாராக இருந்தாலும் கூட்டியிருப்பார்கள்.

ஆனால் தாளின் இடது ஓரத்தில், குறுக்காக, எழுத்தர் ஒரு வரி எழுதியிருக்கிறார்: ‘சந்தை நாளில், கடைகளை நிறுத்திவிட்டு வந்து கொடுத்தார்கள்.’

என் பிரதியில் அந்த வரி இல்லை.

இந்த ஊரில் சந்தை என்றைக்கும் வியாழக்கிழமைதான். பழைய தேதிகளுக்குக் கிழமை சொல்லும் அட்டவணையைப் புரட்டினேன். 1649 பிப்ரவரி பத்து, சனிக்கிழமை. எந்தச் சந்தையை நிறுத்தினார்கள்? 1648 பிப்ரவரி பத்தைப் பார்த்தேன். வியாழக்கிழமை.

பிறகு எழுத்தர் யார் என்று தேடினேன். ஆண்ட்ரூ மெல்டிரம். நகரவாசிகள் பட்டியலில் அவர் பெயர் அந்த 1648 பிப்ரவரிக்கு மூன்று மாதம் முன்புதான் ஏறியிருக்கிறது, ‘டண்டீ ஊரிலிருந்து’ என்று, அதாவது ஸ்காட்லாந்திலிருந்து. பெர்சிக்குத் தேநீர் வேளையில் இதை விளக்கப்போய்த்தான் எனக்கே முழுதாகப் புரிந்தது.

“ஸ்காட்லாந்துக்காரங்க அம்பது வருஷம் முன்னாடியே வருஷப் பிறப்ப ஜனவரிக்கு மாத்திட்டாங்க பெர்சி. நாமதான் மாத்தல. அவரு புதுசா வந்தவரு. ஊர்ல எழுதுன பழக்கத்துல எழுதிட்டாரு. அவரு 1648னு எழுதுனா அது நெஜமாவே 1648.”

“அப்போ பொம்பளைங்க வந்து கேட்டது மொதல்ல. மேயர் தொறந்தது அப்புறம்?”

“ஆமா. ஒம்பது மாசம் கழிச்சு.”

“ஒம்பது மாசமா! புள்ளையே பொறந்திருக்குமே. இதுக்கா அந்தாளுக்குப் பித்தளைப் பலகை?”

தெல்மா, அன்றைக்கு நான் ஏன் அந்த வரியை விட்டேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மணி ஐந்தாகப்போனது. ரொனால்டு என்று ஒருவர் வாசலில் இரண்டு சினிமா டிக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தார். குறுக்காக எழுதியதைப் படிக்கத் தாளைத் திருப்ப வேண்டும். ஏதோ எழுத்தரின் முணுமுணுப்பு, மனுவின் பகுதி அல்ல என்று நினைத்தேன். ‘முழுமையான பிரதி’ என்று கீழே கையெழுத்துப் போட்டேன். ரொனால்டு கனடாவுக்குப் போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. அந்தப் படத்தின் பெயர்கூட நினைவில்லை.

என் தவறு. நகரசபைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. உன் சொல்லுக்குக் காத்திருக்கிறேன்.

எனிட்

*

கோட்டைத் தெரு
17 ஜனவரி 1982

அன்புள்ள தெல்மா,

ஆறு வாரம் ஆகிவிட்டது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வந்தது, நன்றி. அதில் உன் கையெழுத்து இருந்தது. ‘அன்புள்ள செல்வி பெக்’ என்று ஆரம்பித்தது மட்டும் தட்டச்சு. அதைக் கணப்புக்கு மேலே மற்ற அட்டைகளோடு வைத்தேன். பிறகு எடுத்து அலமாரிக்குள் வைத்தேன்.

பல்கலைக்கழகச் செய்திகளைத் தினமும் படிக்கிறேன். கணக்குகளையெல்லாம் எல்லோர் முன்னாலும் விரித்துப் போடுகிறாய் என்றும், உன்னைப் பிடிக்காதவர்கள்கூட உட்கார்ந்து கேட்கிறார்கள் என்றும் எழுதியிருந்தார்கள். இந்த நேரத்தில் என் கடிதம் உனக்கு எப்படி வந்து விழுந்திருக்கும் என்று புரிகிறது. லாங்ஸ்டாஃப் போன்றவர்கள் இதற்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

அதனால் நான் யோசித்துவைத்ததைச் சொல்கிறேன். பழியை என்மேல் போடு. ‘ஆவணக்காப்பகப் பிரதியில் ஒரு வரி விடுபட்டிருந்தது’ என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும். அது உண்மையும்கூட. எங்கள் தலைமை அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். கேட்கட்டும். இருபத்திரண்டு வருட வேலையில் ஒரு வரி. அதிகம் போனால் பிரதிகளில் கையெழுத்துப் போடும் உரிமையை எடுத்துவிடுவார்கள். அதைத் தவிர வேறு பெருமை எனக்கில்லை என்பது வேறு விஷயம்.

மனுவைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டேன். வைக்கும்போது இன்னொன்றும் பார்த்தேன். பத்தொன்பது பெண்களில் யாருக்கும் எழுதத் தெரியாது. பெயரை எழுத்தர் எழுதியிருக்கிறார், பக்கத்தில் அவரவர் கீறல். உனக்கு அனுப்பிய பிரதியில் ‘19 குறிகள்’ என்று மொத்தமாக எழுதினேன். பதினெட்டுதான் சிலுவைக் குறி. ஜெனட் ஸ்கேஃப் என்ற பெண் மட்டும் சிலுவை போடவில்லை. ஒரு மீன் வரைந்திருக்கிறாள். வாலோடு, கண்ணோடு.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

எனிட்

*

ஆல்டர்மவுத்
2 பிப்ரவரி 1982

எனிட்,

திட்டத்தான் உட்கார்ந்தேன். டிசம்பரிலேயே ஒரு கடிதம் எழுதினேன், உனக்கில்லை, பதிப்பாளருக்கு. ‘ஆவணக்காப்பக ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால்’ என்று ஆரம்பித்தது. உறையிலும் போட்டு ஒட்டிவிட்டேன். நீ சொல்லாமலே நீ சொல்லும் வழியை நான் முதலில் கண்டுபிடித்துவிட்டேன், பார்த்தாயா? அது இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. இத்தனை வாரமாக என்னைத் தின்றது உன் தவறு இல்லை. அந்த உறை.

பதிவாளர் டன்னிக்ளிஃபிடம் மட்டும் சொன்னேன். நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டு, “மேடம், இது முந்நூறு வருஷத்துக்கு முந்தின ரொட்டி. நமக்கு இன்னைக்கு ரொட்டிக்கே வழியில்ல. ஏப்ரல்ல செனட் ஓட்டெடுப்பு முடியட்டும். ரெண்டு வருஷம் கழிச்சு ஏதாவது ஆய்விதழ்ல சின்னதா ஒரு குறிப்புப் போட்டா யாரு கேக்கப்போறா?” என்றார். அவர் சொன்னது அத்தனையும் நியாயமாகத்தான் இருந்தது.

அன்று வீட்டுக்குப் போய் என் புத்தகத்தை எடுத்தேன். நாற்பத்தொன்றாம் பக்கம், அடிக்குறிப்பு மூன்று. என்ன எழுதியிருக்கிறேன் தெரியுமா? ‘மனுவின் மூலம், ஆல்டர்மவுத் ஆவணக்காப்பகம்.’ உன் பிரதி என்று எழுதவில்லை. மூலத்தைப் பார்த்தவள் போல எழுதியிருக்கிறேன். லண்டனிலிருந்து ரயிலில் ஐந்து மணி நேரம். வர எனக்குப் பொறுமையில்லை. புத்தகம் அவசரம், வேலை அவசரம், முன்னுக்கு வர வேண்டிய அவசரம். நீ விட்டது ஒரு வரி. நான் பார்க்காத தாளைப் பார்த்தேன் என்று அச்சில் போட்டேன். அதை வைத்துப் பேராசிரியர் ஆனேன். இப்போது செனட்டில் நின்று ‘பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள்’ என்று உபதேசம் வேறு.

இன்னொன்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. பிரதியில் தேதி ஏன் எனக்கு உறுத்தவில்லை? எழுத்தர் யார் என்று ஏன் தேடவில்லை? எனக்கு அந்தக் கதை பிடித்திருந்தது. மேலே இருக்கும் ஒருவர் தானாகவே மனமிரங்கிக் கதவைத் திறப்பது. எனக்கும் அப்படித்தான் திறந்தது என்று நம்பினேன். 1954இல் நகரக் கல்விக் குழுத் தலைவர் உதவித்தொகை கொடுத்தார், நான் கல்லூரிக்கு வந்தேன். புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவருக்குத்தான் நன்றி. அம்மா அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். “அவரா குடுத்தாரு? நாங்க பதினோரு பேரு மீன் வெட்டுன கையோட போய் அவரு ஆபீஸ் படியில மூணு நாள் ஒக்காந்தோம்டி. நாத்தம் தாங்காம குடுத்தாரு.” அம்மா பெருமையடிக்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த பதிப்பிலும் நன்றியை மாற்றவில்லை. அம்மா போய் ஏழு வருடம் ஆகிறது.

என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நான் விழுந்தால் மாலை வகுப்புகளும் என்னோடு விழும். ஆனால் நகரசபைக்கு நீ பொய் சொல்ல வேண்டாம். ‘துணைவேந்தரிடம் கேளுங்கள்’ என்று மட்டும் சொல். மார்ச் 25ஆம் தேதி வரை எனக்கு எழுதாதே. உன் கையெழுத்தைப் பார்த்தால் தைரியம் வருகிறதா போகிறதா என்று எனக்கே தெரியவில்லை.

தெல்மா

*

கோட்டைத் தெரு
26 மார்ச் 1982

என் தெல்மா,

25ஆம் தேதி வரை எழுதாதே என்றாய். எழுதவில்லை. இன்று 26.

மேடையிலிருந்து உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். நான் பின்னால், மீன் கடைகளுக்கு நடுவே நின்றிருந்தேன். பக்கத்தில் பெர்சி, தன் சகோதரியின் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டில். இன்றைய மேயர் தன் பதவிச் சங்கிலியோடும், லாங்ஸ்டாஃப் கையில் ஒரு குடையோடும் முன்வரிசையில். காற்று கடலிலிருந்து அடித்ததால் நீ பேசியதில் பாதி எங்களுக்கு முதலில் கேட்கவில்லை.

பலகையை மூடியிருந்த துணியின் கயிற்றை நீ கையில் எடுத்தாய். இழுக்கவில்லை. “இந்தத் துணிக்குப் பின்னால் இருக்கும் வாக்கியம் என்னுடையது. அது தவறு” என்றாய்.

எனக்கு முன்னால் நின்ற ஒரு வயதான பெண்மணி பக்கத்துக் கடைக்காரியை இடித்தார். “என்னடி சொல்றா அவ?”

“தப்புங்கறா.”

“யாரு தப்பு?”

“அவளேதான். அவ புஸ்தகமே தப்பாம்.”

“போடி. படிச்சவங்க அப்படியெல்லாம் சொல்ல மாட்டாங்க. உனக்குக் காது சரியில்ல.”

அதற்குள் ஒலிபெருக்கியை யாரோ சரிசெய்தார்கள். அடுத்த வாக்கியம் சதுக்கம் முழுதும் கேட்டது. “இருபது வருடம் முன்பு நான் ஒரு தாளைப் பார்க்காமலே பார்த்ததாக எழுதினேன். என் மாணவர் ஒருவர் அப்படிச் செய்திருந்தால் தேர்வில் தோற்றிருப்பார்.” லாங்ஸ்டாஃப் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். மேயரின் முகம் சங்கிலிக்கு மேலே பீட்ரூட் மாதிரி ஆனது.

பிறகு நீ பெயர்களைப் படித்தாய். இசபெல் தியூ. கிரேஸ் பவுண்டர். ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல். “ஜெனட் ஸ்கேஃப்” என்றபோது நான்கு கடை தள்ளி ஒரு கத்தல். நீ திடுக்கிட்டு நிமிர்ந்தாய், என்னவென்று உனக்குத் தெரிந்திருக்காது. தலைக்கு மேலே ‘ஸ்கேஃப் மீன் கடை’ என்று எழுதியிருக்கும் பந்தலுக்குக் கீழே நின்ற பெண் அது. “ஏய்! அது எங்க வீட்டுப் பேரு! எங்க வீட்டுப் பொம்பளடி அவ!” கையில் இருந்த மீனோடு கையைத் தூக்கிவிட்டாள். தண்ணீர் எல்லாம் பெர்சியின் கோட்டில். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றார்.

“அவர்கள் கேட்டார்கள். ஒன்பது மாதம் கழித்துக் கதவு திறந்தது. பலகையில் இதை வெட்டும் வரை துணி அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லிக் கயிற்றை மேயர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாய். மேயருக்கு அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

முதலில் யாரும் தட்டவில்லை. நீ ஐந்து படி இறங்கினாய். நான் எண்ணினேன். பிறகு சந்தைப் பக்கமிருந்துதான் ஆரம்பித்தது. ஈரக் கைகளின் தட்டல் சத்தம் வேறு மாதிரி இருக்கிறது, தெல்மா.

உன்னை நான் பல விஷயங்களுக்காக மெச்சியிருக்கிறேன். நேற்றுத்தான் முதல் முறையாக, உன்னைத் தெரியும் என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது என் குறை. நீ என் பெயரைச் சொல்லவே இல்லை. எல்லாவற்றையும் நீயே எடுத்துக்கொண்டாய். காப்பாற்றத்தான் அப்படிச் செய்தாய், தெரியும். ஆனால் அந்தப் பிரதியில் கையெழுத்துப் போட்டது நான். ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, இன்று காலை முதல் வேலையாக எங்கள் அட்டவணையில் அந்த மனுவின் எண்ணுக்கு எதிரே எழுதினேன்: ‘1961 பிரதியில் ஓரக்குறிப்பு விடுபட்டது. பிரதி எடுத்தவர்: எனிட் பெக்.’ மையால் எழுதினேன். தலைமை அதிகாரி படித்துவிட்டு, “இதெல்லாம் பென்சிலால எழுதியிருக்கலாமே மிஸ் பெக்” என்றார். எழுதியிருக்கலாம்தான்.

உன்,
எனிட்

*

ஆல்டர்மவுத்
18 ஏப்ரல் 1982

அன்பு எனிட்,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் செனட்டுக்குப் போனேன்.

எந்தத் துறைகளை மூடுவது என்ற என் பட்டியலை வைத்ததும் லாங்ஸ்டாஃப் எழுந்தார். நான் எதிர்பார்த்ததுதான். “பாக்காத தாளுக்கு அடிக்குறிப்புப் போடுறவங்கன்னு துணைவேந்தரே சந்தையில நின்னு சொல்லிட்டாங்க. இந்தப் பட்டியல மட்டும் நாம எதை வெச்சு நம்புறது?”

“நம்ப வேண்டாம் பேராசிரியரே. ஒக்காந்து பாருங்க” என்றேன். அத்தனை தாளையும் மேசையில் வைத்தேன். சாண்ட்விச்சும் தேநீரும் வரவழைத்தேன். நான்கு மணி நேரம் பார்த்தார்கள். லாங்ஸ்டாஃப் ஒரு பிழை கண்டுபிடித்தார், உண்மையான பிழை. பூகோளத் துறையில் ஒருவரை இரண்டு முறை எண்ணியிருந்தோம். அவருக்கு அதில் எவ்வளவு சந்தோஷம்! அந்தத் திருத்தத்தோடு அவரே பட்டியலுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். பிழை கண்டுபிடித்தவருக்கு அந்தத் தாள் சொந்தமாகிவிடுகிறது போல. மாலை வகுப்புகள் பிழைத்தன. இரண்டு துறைகள் பிழைக்கவில்லை. அவற்றிலிருந்து பதினான்கு பேர் போகிறார்கள். ஒவ்வொருவரையும் நானே கூப்பிட்டுப் பேசினேன். அதைப் பற்றி நேரில்தான் சொல்ல முடியும்.

லண்டனில் என் பெயரை ஒரு பெரிய அறிஞர் கழகத்தின் உறுப்பினர் பதவிக்கு முன்மொழிந்திருந்தவர் ‘இந்த ஆண்டு வேண்டாமே’ என்று மென்மையாக எழுதிவிட்டார். படித்ததும் வலித்தது. மறுநாளும் வலித்தது. இப்போது அதிகம் இல்லை. பதிப்பாளருக்குப் புதிய முன்னுரை அனுப்பிவிட்டேன். முதல் பக்கத்து நன்றியையும் மாற்றினேன், பதினோரு பேருக்கு. அம்மாவைத் தவிர நான்கு பெயர்கள்தான் தெரிகின்றன. மற்றவர்களைத் தேட வேண்டும். டிசம்பர் உறையைக் கணப்பில் போட்டேன். பிரிக்கவில்லை.

உன் பெயரைச் சொல்லாதது என் தவறு. காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். யோசித்தால், இருபது வருடம் முன்பு அடிக்குறிப்பிலும் இதையேதான் செய்திருக்கிறேன், உன்னை விட்டுவிட்டேன். புதிய முன்னுரையில் ‘எனிட் பெக் எடுத்த பிரதி, எனிட் பெக் கண்ட பிழை’ என்று இரண்டும் இருக்கிறது. சம்மதம்தானே?

கடைசியாக ஒரு விண்ணப்பம். ஏப்ரல் 29, வியாழக்கிழமை காலை எனக்கு வேறு வேலை எதுவும் வைக்க வேண்டாம் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன். அந்த மனுவை எடுத்துவைப்பாயா? பிரதி வேண்டாம். எனக்கு மீனைப் பார்க்க வேண்டும்.

தெல்மா

*

ஆவணக்காப்பகம்,
கோட்டைத் தெரு, ஆல்டர்மவுத்
20 ஏப்ரல் 1982

பெறுநர்: பேராசிரியர் தெல்மா ஹோல்ராய்ட்

அம்மையீர்,

தங்கள் 18ஆம் தேதிய விண்ணப்பம் கிடைத்தது. தாங்கள் கேட்ட மனு 29ஆம் தேதி காலை பத்து மணிக்கு ஜன்னலோர மேசையில் தயாராக இருக்கும்.

வாசகர் அறைக்குள் மை அனுமதியில்லை. பென்சில் மட்டும் கொண்டுவரவும். தேநீரும் தின்பண்டமும் உள்ளே கூடாது. அவை காவலர் திரு. பெர்சி அவர்களின் அறையில் கிடைக்கும். தங்களுக்காக ஒரு புகைமீன் வாங்கிவைக்க அவர் திட்டமிட்டிருப்பதாகத் தெரிகிறது. ஜன்னல்களைத் திறந்துவைக்க ஏற்பாடு செய்யப்படும்.

தாளின் இடது ஓரத்தைப் படிக்கத் தாளைத் திருப்ப வேண்டியிருக்கும். நிதானமாகத் திருப்பவும். அறை மாலை ஐந்து மணிக்கு மூடப்படும். அன்றைக்கு மட்டும் சாவி என்னிடம் இருக்கும்.

தங்கள் வாசகர் அட்டை 1960ஆம் ஆண்டே காலாவதியாகிவிட்டது. புதிய அட்டைக்கு, விண்ணப்பதாரரை நீண்ட காலமாக நேரில் அறிந்த ஒருவர் சான்றளிக்க வேண்டும் என்பது விதி. அந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

எனிட் பெக்